எட்டு பாட்டில் சிவப்புத் தண்ணீர்

பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவளுக்குக் கடற்கரை என்பது கிட்டத்தட்ட வெளிநாடு. தண்ணீர் என்றால் எங்களுக்கு வாய்க்காலும் ஆழியாறும்தான். உப்பு என்றால் மளிகைக் கடை வாசலில் இரவு முழுக்கக் காவல் இல்லாமல் கிடக்கும் மூட்டை. அந்த மூட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இருபத்து நான்கு வயது வரை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு மின்வெட்டு.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோவையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் ஆராய்ச்சி, உப்பளத் தண்ணீரில் வாழும் ஒரு நுண்பாசியையும் அதன் நொதி ஒன்றையும் பற்றியது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது; கோடிக்கணக்கில் கூடினால் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஆகிவிடும். என் பேராசிரியர் பல வருடங்களுக்கு முன்னால் செய்யூர் உப்பளத்தில் அள்ளி வந்த பாசியை ஆய்வகக் குடுவைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மின்சாரம் இல்லை. பூட்டிய அறை அடுப்பாகிவிட்டது. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது அத்தனை குடுவையும் வெளுத்து, அடியில் சாம்பல் மாதிரி ஏதோ படிந்து கிடந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடுது. வியாழன் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குப் போன் பண்ணு. அதே ஊர், அதே பாசி. உயிரோட இருந்தா மட்டும் போதாது, நொதி வேலை செய்யணும். செவப்பா இருக்கறதெல்லாம் பாசி இல்லை, உப்புல வாழற பாக்டீரியாவும் செவப்புத்தான். இல்லைன்னா உன்னைக் காளானுக்கு மாத்திடறேன்."

காளானோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் ஒன்றரை வருடம் ஒரு பொருளோடு வாழ்ந்துவிட்டு, மின்சார வாரியம் சொல்லி அதை விட முடியுமா? அன்றிரவே கிளம்பிவிட்டேன்.

*

செவ்வாய்க்கிழமை காலை செங்கல்பட்டு. என் விடுதித் தோழியின் அக்கா வேதவல்லி டீச்சர் வீட்டில் தங்கல். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவர். வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டு, "முதல்ல டிபன், அப்பறம் பாசி" என்றார். இட்லிக்கு வடகறி. கடலைப் பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்குவது என்ற யோசனையே எங்கள் பக்கம் யாருக்கும் தோன்றியதில்லை. ஆறு இட்லி சாப்பிட்டேன். டீச்சர் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து கையால் சுற்றும் மையவிலக்கி ஒன்றை எனக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் மாதிரி மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். கைப்பிடியைச் சுற்றினால் சிறு குழாய்கள் சுழன்று, தண்ணீரில் மிதப்பது அடியில் படியும். "வெள்ளிக்கிழமை பன்னெண்டாம் வகுப்புக்கு பிராக்டிகல். அதுக்குள்ள இது அலமாரியில இருக்கணும். பிள்ளைங்க உடைச்சா உடைச்சதுன்னு எழுதலாம், நீ உடைச்சா என்னன்னு எழுதறது?" என்றார்.

மாலையில் பழைய பேப்பர் கடையில் காலி மினரல் வாட்டர் பாட்டில் எட்டு வாங்கினேன். மாமல்லபுரம் வரும் வெளிநாட்டுக்காரர்கள் குடித்துப் போட்டவை. ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகளோடு பஸ்ஸில் போக எனக்குத் தைரியமில்லை. பாட்டில்களை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். என் திட்டத்தில் ஓட்டை இருந்தது அங்கேதான். அன்று தெரியவில்லை.

*

புதன்கிழமை காலை பஸ் நிலையத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பேர்.

"இன்னா மச்சான், செய்யூர் வண்டி வருமா வராதா?"

"வந்துகினே கீது."

"நேத்திக்கும் அத்தத்தான் சொன்னே."

"நேத்திலேர்ந்து தான்டா வந்துகினு கீது."

எங்கள் ஊரில் கண்டக்டர் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். இங்கே அன்பையே திட்டுகிற மாதிரிதான் சொல்கிறார்கள். முதல் நாள் சண்டை என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். இரண்டாம் நாள், இதில் நேரம் மிச்சமாகிறது என்று பட்டது.

வண்டி வந்தது. படாளத்தில் நின்றது. பின்சக்கரம் பஞ்சர், ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இல்லை. டிரைவர் இறங்கிப்போய், எதிரே வந்த லாரிகளை நோக்கிக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சாலையோரம் வேகவைத்த வேர்க்கடலை தின்றோம். ஒன்றரை மணி நேரம். கடலை மிக நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதனால் உப்பளத்துக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. செய்யூரைத் தாண்டி, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் வரப்பில் நடந்தால் அளம். மரம் இல்லை, நிழல் இல்லை. கட்டம் கட்டமாகத் தண்ணீர். கடல் பக்கத்துக் கட்டங்கள் பச்சை, அடுத்தவை தேயிலை நிறம், கடைக்கோடியில் நான்கு பாத்திகள் செங்கல் சிவப்பு. அதற்கப்பால் உப்புக் குவியல். ஒன்றரை வருடம் குடுவையில் பார்த்த நிறத்தை வயல் அளவில் பார்த்தபோது கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் எத்திராஜ். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெந்த உடம்பு, தலையில் துண்டு.

"யார்மா நீ? இன்னா வோணும்?"

சொன்னேன்.

"அந்தச் செவப்புத் தண்ணியா? அத்த எட்த்துகினு போயி இன்னா பண்ணுவ?"

"ஆராய்ச்சிங்க."

"இதுல இன்னா ஆராய்ச்சி? தண்ணி செவந்தா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து தெரியும். எட்த்துக்கோ. பாத்தில கால் மட்டும் வெக்காத."

வரப்பில் குந்தி எட்டு பாட்டிலிலும் முக்கால் அளவு மொண்டேன். மேலே காற்றுக்கு இடம் விட்டேன். அது மூச்சு விட வேண்டும். பாட்டில்களை அளத்தின் எதிர்க்கோடியில் இருந்த கீற்றுக் கொட்டகை நிழலில் வரிசையாக வைத்துவிட்டு, உப்பு வாரும் பெண்கள் கூப்பிட்டார்களே என்று சாப்பிட உட்கார்ந்தேன். கேழ்வரகுக் கூழ், வறுத்த நெத்திலிக் கருவாடு, பச்சை வெங்காயம். கருவாடு எனக்குப் பழக்கமில்லை. முதல் மீனைத் தலையோடு தின்னலாமா என்று யோசித்தேன், ஆறாவது மீனில் யோசிக்கவில்லை. பிறகு குறிப்பேடும் வெப்பமானியும் புளிப்பு பார்க்கும் தாளுமாக மறுபடி சிவந்த பாத்திகளுக்குப் போய், சூடு, புளிப்பு எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு திரும்பினேன்.

எட்டு பாட்டிலும் கொட்டகையில் வைத்த இடத்திலேயே இருந்தன. பளபளவென்று இருந்தன. கழுத்து வரை தெளிந்த தண்ணீர். மூடி இறுக்கித் திருகி, வெளிப்பக்கம் துணியால் துடைத்தும் இருந்தது.

பக்கத்தில் தேசம்மா நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேலே, உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். எனக்குக் கூழ் ஊற்றியவரும் அவர்தான்.

"எவனோ வெளாட்டுக்குக் குடிக்கிற பாட்டில்ல அளத்துத் தண்ணிய மொண்டு வெச்சிகீறான்மா. பாவம், வெளியூர்ப் பொண்ணு, பஸ்ல போவ சொல்ல தாகம் எட்த்தா இன்னா பண்ணும்? எல்லாத்தையும் கொட்டி, கழுவி, நல்ல தண்ணி ரொப்பி வெச்சிகீறேன்."

நல்ல தண்ணீர் அந்த அளத்துக்கு ஒன்றரை மைல் தாண்டி இருக்கும் கிணற்றிலிருந்து தலையில் வருகிறது. காலையில் வந்த மூன்று குடத்தில் ஒன்றை எனக்காகக் காலி செய்திருந்தார். அந்த ஊரில் மினரல் வாட்டர் பாட்டில் என்றால் குடிதண்ணீர் பாட்டில். வேறெதற்கும் அது கிடையாது. அதில் உப்புத் தண்ணீர் வைப்பவன் ஒன்று குறும்புக்காரன் அல்லது பைத்தியம். அந்தப் பைத்தியம் நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தேன். இனிப்பாக இருந்தது.

மறுபடி மொள்ள நேரமில்லை. சிவந்த பாத்திகள் ஒரு கோடி, சாலை மறு கோடி. நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. "ஓடுமா, அத்த வுட்டா காத்தால தான்" என்று எத்திராஜ் கத்தினார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் வந்தால் ஆயிற்று என்று பாட்டில்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அன்று ராத்திரி செங்கல்பட்டில் இடியோடு மழை கொட்டியது. டீச்சர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். என் முகத்தைப் பார்த்தவர், "அங்க பெய்யணும்னு இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

*

அங்கேயும் பெய்திருந்தது. வியாழக்கிழமை ஏழரை மணிக்கு வரப்பில் ஏறியபோது சிவப்பு எங்குமே இல்லை. நான்கு பாத்தியிலும் சாம்பல் வானம் தெரியும் வெறும் மழைத் தண்ணீர். இந்தப் பாசிக்கு மற்றச் செடிகள் மாதிரி உறுதியான செல்சுவர் கிடையாது. நல்ல தண்ணீரில் திடீரென்று போட்டால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெடித்துவிடும். எல்லாம் வெடித்துப் போயிருக்கும். காளான்.

அடியில் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் காலை வைக்கப் போனேன். பின்னால் இருந்து தாவணியோடு சேர்த்து யாரோ இழுத்தார்கள். தேசம்மா.

"கால வெச்சே, எத்திராஜு உன்ன உப்புல பெரட்டி ஊறுகா போட்டுடுவான்."

அப்போதுதான் கவனித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தும் யாரும் நடமாடவில்லை. எல்லோரும் வரப்பிலேயே குந்தியிருந்தார்கள். எத்திராஜ் ஒரு பாத்தியின் மூலையில் மண்டியிட்டு, வரப்பின் தலையிலிருந்து விரல் கனத்துக்குச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். அந்த விரற்கடை வழியாக மழைத் தண்ணீர் சத்தமில்லாமல் நழுவி ஓடைக்குப் போனது.

"மழைத் தண்ணி லேசு. உப்புத் தண்ணி கனம்" என்று தேசம்மா காதோடு சொன்னார். "அது மேல, இது கீழ. கலக்காம இருந்தா மேல கீறத மட்டும் வெளிய வுட்டுடலாம். ஒருத்தன் கால வெச்சா போச்சி. காத்து எய்ந்தாலும் போச்சி."

குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த மாதிரி, மூன்று விரற்கடை தெளிந்த தண்ணீர். அதற்குக் கீழே, அசையாமல், சிவப்பு.

நான் படித்த அடர்த்தி, கரைசல், அடுக்கு எல்லாம் எனக்கு நினைவு இருந்தது. பாத்தியைப் பார்த்தவுடன் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அதுதான் உண்மை.

"எப்பங்க காத்து வரும்?"

"கடக்காத்து பத்து, பத்தரைக்கு. அதுக்குள்ள நாலு பாத்தியும் வடிக்கணும்."

எத்திராஜ் தலை நிமிராமல் சொன்னார்: "இந்த வருசத்துக்கு இத்தான் கடேசி வாரல். கலங்கிச்சின்னா அவ்ளோ தான். தண்ணி போற வரைக்கும் ஒரு குச்சிகூட உள்ள வுடக் கூடாது."

அவருக்கு ஒரு வருடத்தின் கடைசி உப்பு. எனக்கு ஐந்து மணிப் போன். வாயை மூடிக்கொண்டு குந்தினேன்.

குந்தியிருக்கும்போது தேசம்மாவிடம், நேற்று அந்தப் பாட்டில்களில் சிவப்புத் தண்ணீர் வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் கொட்னது…"

"பாசிங்க. உயிரு. நல்ல தண்ணில போட்டா செத்துருங்க."

"நல்ல தண்ணில செத்துப் போற ஜந்துகூடக் கீதா?" அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. "இந்த எரிச்சல்ல அது எத்த துன்னுது?"

நல்ல கேள்வி. என் ஆராய்ச்சியே அதுதான். பாசி சாப்பிடுவது கரியமில வாயுவை. நாம் வெளியே விடும் மூச்சு. காற்றில் வளரும் செடிகள் அதை நேராக எடுத்துக்கொள்ளும். தண்ணீரில், அதுவும் உப்புத் தண்ணீரில், அது வாயுவாகத் தங்குவது சொற்பம். பெரும்பாலும் சோடா உப்பு மாதிரி வேறொரு வடிவில் கரைந்து கிடக்கும். அந்த வடிவில் பாசியின் தோலைத் தாண்டி உள்ளே போகாது. சோற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடப்பதுபோல.

"எங்கூர்ல தேங்காய்ங்க. மட்டையோட இருந்தா யாரு தின்ன முடியும்? நட்டு வெச்ச கடப்பாரைல குத்தி உரிக்கறதுக்குன்னு ஆளுக இருக்காங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு மலை மாதிரி உரிச்சுப் போடுவாரு. இந்தப் பாசி தோலுக்கு வெளியவே அந்த மாதிரி ஆளை நிறுத்தி வெச்சிருக்குதுங்க. கரைஞ்சு கிடக்கறத உரிச்சு, வாயுவா மாத்தி உள்ள தள்ளும். அதுதான் நொதி. எல்லா நொதியும் இவ்வளவு உப்புல செத்துரும். இது மட்டும் வேலை செய்யுது. எப்படின்னுதான் தெரியல."

"உரிக்கிற ஆளு களைப்பாவ மாட்டானா?"

"மாட்டாருங்க. ஒரு நொடிக்கு லட்சக்கணக்குல உரிப்பாரு."

"கூலி?"

"இல்லீங்க."

"அப்ப எத்திராஜு கிட்ட சொல்லாத" என்றார் தேசம்மா. எத்திராஜ் அதைக் கேட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

மூன்று பாத்தி வடிந்தது. நான்காவதில் பாதி வடியும்போது சவுக்குத் தோப்பின் உச்சி லேசாக அசைந்தது. பத்தாகவில்லை. தண்ணீர் மேல் சுருக்கம் விழுந்து விழுந்து மறைந்தது. எல்லோரும் எத்திராஜைப் பார்த்தார்கள். வடிந்த மூன்று பாத்தியும் இனிப் பத்திரம். இந்த நாலாவதுதான்.

தேசம்மா எழுந்தார். "எத்திராஜு. இது எப்டியும் கலங்கத்தான் போவுது. அந்தப் பொண்ணுது நேத்து நான் கொட்டிட்டேன். எட்த்துக்கட்டும்."

"வடிஞ்சதுல எட்த்துக்க சொல்லு."

"அதுல தண்ணி நாலு வெரக்கடதான். பாட்டில வுட்டா அடி உப்பு கலங்கிடும். நீயே தான் சொம்மா சொம்மா சொல்லுவ."

எத்திராஜ் என்னைப் பார்த்தார். "கலக்காம எட்ப்பியா?"

என் பையில் ஆய்வகத்தின் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தது. ஒரு சவுக்குக் குச்சியில் அதைக் கட்டி, வரப்பில் குப்புறப் படுத்து, குச்சியை மெதுவாகச் சிவப்புக்குள் இறக்கினேன். மறுமுனையை ஓடைப் பக்கம் தாழ்த்தி வாயால் உறிஞ்சினேன். வாய் நிறைய வந்தது. கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பு. நாக்கு அறுந்த மாதிரி இருந்தது. துப்பிவிட்டுக் குழாயைப் பாட்டிலில் விட்டேன். சிவப்பு இறங்கியது. தேசம்மா பாட்டில் பாட்டிலாக நீட்டினார். அதற்குள் அவற்றில் இருந்த நல்ல தண்ணீரை ஒரு குடத்தில் பத்திரமாக ஊற்றியிருந்தார். நாலாவது பாட்டில் நிறையும்போது காற்று எழுந்துவிட்டது. பாத்தி முழுக்க ரோஜா நிறத்தில் கலங்கியது. எத்திராஜ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மூணு நின்னுச்சி இல்ல. போதும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

*

மாமல்லபுரத்தில் ஐஸ் கிடைக்கும், சோடா கிடைக்கும், போன் இருக்கும். என் சோதனைக்கு அந்த மூன்றும் வேண்டும். தேசம்மாவும் கிளம்பிவிட்டார்.

"மாபலிபுரத்துல என் பொண்ணு வூடு கீது. பாத்துட்டு வர்றேன். பாட்டில நான் தான் புட்சிப்பேன். எவளாவது கயுவிடப் போறா."

பஸ்ஸில் கண்டக்டர் அவர் மடியைப் பார்த்து நின்றார். "இன்னாமா இது, ரத்தமா?"

"ஆமா, உன் மாமியா ரத்தம். சீட்ட குடு."

மதிய பஸ்ஸுக்குக் காத்திருந்து, வண்டி மாறி, இறங்கியபோது மூன்றரை. உளிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே சோடாக் கடை. கோலி சோடா, மரத்தூளில் புதைத்த ஐஸ், ஒரு ஸ்டவ். கடைக்காரரிடம் பெஞ்சைக் கேட்டேன். டீச்சரின் மையவிலக்கியைப் பையிலிருந்து எடுத்து விளிம்பில் மாட்டியதும், "குல்பியா?" என்றார்.

சோதனை எளிது. கரியமில வாயு நிறைந்த குளிர்ந்த தண்ணீரை, நான் கோவையிலிருந்து கொண்டு வந்திருந்த நீலச் சாயக் கரைசலில் ஊற்ற வேண்டும். வாயு தண்ணீரோடு சேர்ந்து புளிப்பாக மாற மாற, நீலம் மஞ்சளாகும். சும்மா விட்டால் மெதுவாக ஆகும். நொதி இருந்தால் வேகமாக ஆகும். இங்கே வேலை தலைகீழ்: உரிக்கிற ஆளே மட்டையைத் திரும்ப மாட்டிவிடுவார். எந்தப் பக்கம் குவியல் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து வேலை. ஒரு குழாயில் உயிருள்ள பாசி. இன்னொன்றில் அதே பாசியை ஸ்டவ்வில் வேகவைத்தது; வெந்தால் நொதி செத்துவிடும். எல்லாம் ஐஸில்.

அரை மணி நேரம் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினோம். குழாய்களின் அடியில் ஆரஞ்சுச் சிவப்பில் சிறு பொட்டு படிந்தது. நேரம் பார்க்க என் கடிகாரத்தை எடுத்தால் காலையில் உப்பு குடித்து நின்றிருந்தது.

"எண்ணினா போதுமா?" என்றார் தேசம்மா. "நான் கூடை எண்ற கணக்குல எண்றேன். காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சீராப் போவும்."

வெந்த பாசியில் சோடாவை ஊற்றினேன். "லாபம்" என்று தொடங்கினார். ஒன்றுக்குப் பதில் லாபம். பிறகு ரெண்டு, மூணு. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நாற்பதில் மஞ்சளானது.

உயிருள்ள பாசியில் ஊற்றினேன். லாபம், ரெண்டு, மூணு. இருபது. முப்பது. நீலம் அப்படியே நின்றது. முப்பத்தெட்டில் மஞ்சள்.

வித்தியாசமே இல்லை. நான் கொண்டு வந்தது செத்த பாசி, அல்லது பாசியே அல்ல, வெறும் பாக்டீரியா. குழாயை ஐஸில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். மணி என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். நாலே முக்கால்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் மனைவியிடம், இது உள்ளூர்ப் பானம், குடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், செய்கிற பெண்ணே சோகமாக இருக்கிறாள் என்றார் மனைவி.

தேசம்மா சோடா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மொதக் குயாய்க்கு ஒடச்சது தானே இது? இத்தினி நாழி தொறந்தே கீது. பொங்கவே இல்லியே. சோடா செத்துப்போச்சி."

கையைத் துடைத்த துணியோடு நின்றேன். வாயு போன சோடாவை உயிருள்ளதற்கும், புதிதாக உடைத்ததை வெந்ததற்கும் ஊற்றிவிட்டு நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு சோடாங்கண்ணா. ஒரே நேரத்துல ஒடைங்க."

இரண்டு கோலியும் சேர்ந்து இறங்கின. தேசம்மா எண்ணினார். வெந்தது நாற்பத்தொன்று. உயிருள்ளதில் பத்திலேயே நீலம் பச்சையாகத் திரும்பியது. பதினாறில் மஞ்சள். அவர் பாட்டுக்குப் பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தார். போதும் என்று கையைப் பிடித்தேன். மறுபடி புது சோடா. வெந்தது நாற்பது, உயிருள்ளது பதினேழு. மறுபடி. நாற்பத்திரண்டு, பதினாறு. ஏழு சோடா உடைத்தும் ஒருவர்கூடக் குடிக்கவில்லை என்று கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

போன் பூத்துக்கு ஓடினேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

"எவ்வளவு?" என்றார் பேராசிரியர். வணக்கம்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"வேக வெச்சது நாப்பத்தொண்ணு, உயிரோட பதினாறுங்க சார். மூணு தடவை பண்ணினேனுங்க, கிட்டத்தட்ட அதே."

"எந்த வாட்ச்?"

"வாட்ச் நின்னுருச்சுங்க சார். ஒருத்தங்க எண்ணினாங்க. உப்பளத்துல வேலை செய்யறவங்க."

பூத்தின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நொடின்னு எழுதாதே, எண்ணிக்கைன்னு எழுது. விகிதம்தானே முக்கியம், அது சரியாத்தான் இருக்கு. தலைப்பு உன்னோடதே. மூடியைத் தளர்த்தி வெச்சுட்டு வா." வைக்கப் போனவர், மறுபடி பேசினார். "யார் எண்ணினதுன்னும் குறிப்பேட்டுல எழுதணும். அதுதான் முறை."

பெஞ்சில் தேசம்மா நாலு பாட்டிலையும் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொன்னாரு? திட்னாரா?"

"இல்லீங்க. இதையே செய்யச் சொல்லிட்டாருங்க."

"அத்த நேரா வந்து சொல்றது. மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிகினு வர?"

குறிப்பேட்டைத் திறந்தேன். எண்களுக்குப் பக்கத்தில் 'நேரம் கணித்தவர்' என்று ஒரு கட்டம். ஒன்றரை வருடமாக அதில் என் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன்.

"உங்க பேரு எழுதணுமுங்க. இனிஷியல் என்னங்க?"

"எதுக்கு?"

"நீங்க எண்ணினதுங்க. நாளைக்குப் பெரியவங்க எல்லாம் பாப்பாங்க."

"அப்பன் எய்த்தா, புருசன் எய்த்தா?"

"எது வேணாலும் போடலாமுங்க."

"அப்பன் எய்த்தே போடு. கோ. எண்ண சொல்லிக் குட்தது அவரு தான்."

கோ. தேசம்மா என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.